15 டெனியர் என்ற எண் சொல்லாதவை

அமெரிக்காவின் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்களில் பெண்களின் காலுறைக்கென்றே தனிக் கவுண்டர் இருந்த காலம் உண்டு. விற்பனைப் பெண் தட்டையான அட்டைப் பெட்டியைத் திறந்து, மேலே மூடியிருக்கும் மெல்லிய தாளை விலக்கி, காலுறைக்குள் தன் கையை நுழைப்பார். நகம் பட்டு நூல் அறுந்துவிடாதபடி விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டு, புறங்கையின் மேல் துணியை லேசாக விரித்துக் காட்டுவார். நிறம், பளபளப்பு, பின்னலின் சீர், இழுத்து விட்டால் துணி திரும்பும் வேகம் ஆகிய நான்கும் வாங்க வந்தவரின் கண்ணுக்கு அப்போதே தெரிந்துவிடும்.

இன்று அதே பொருள் ஒட்டி மூடிய உறையில் தொங்குகிறது. உறையின் மேல் ஒரு படம், ஒரு அளவு அட்டவணை, ‘15 டெனியர்’ என்ற ஓர் எண். வாங்குபவர் நம்பி எடுப்பது அந்த எண்ணைத்தான். எண் சிறிதானால் துணி மெல்லியது, எண் பெரிதானால் தடித்தது என்பது வரை சரி. ஆனால் தரத்தைப் பற்றி அந்த எண் ஏறக்குறைய ஒன்றுமே சொல்வதில்லை. இரண்டு உறைகளில் ஒரே 15 இருக்கும். ஒன்று ஒரு மாலைப் பொழுதைத் தாண்டாது, மற்றது பல மாதம் உழைக்கும். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் இழையின் அமைப்பிலும் பின்னலிலும் இருக்கிறது.

டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் எடை, கிராமில். 15 டெனியர் என்றால் ஒன்பது கிலோமீட்டர் நீளமுள்ள நூல் வெறும் 15 கிராம். இந்த அளவை பட்டுத் தொழிலிலிருந்து வந்தது. காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் பட்டு நூல் வாங்குகிறவர்கள் 20/22 டெனியர் என்று இன்றும் கேட்பது இதே அளவைத்தான். பருத்தி நூலுக்குக் கணக்கு தலைகீழ்: திருப்பூரில் 40 கவுண்ட் என்றால் 30 கவுண்டைவிட மெல்லியது. 15 டெனியரைப் பருத்திக் கணக்குக்கு மாற்றினால் ஏறக்குறைய 354 கவுண்ட் வரும். பனியன் பின்னும் 40 கவுண்ட் நூலோ சுமார் 133 டெனியர். ஒன்பது மடங்கு எடை வித்தியாசம்.

எடை தெரிந்தால் தடிமனைக் கணக்கிடலாம். நைலானின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.14 கிராம். அதை வைத்துப் பார்த்தால் 15 டெனியர் ஒற்றை இழையின் விட்டம் சுமார் 43 மைக்ரோமீட்டர். பலருக்குத் தலைமுடியே இதைவிடத் தடித்திருக்கும். எடை நான்கு மடங்கானால் விட்டம் இரண்டு மடங்குதான் ஆகும். ஆகவே 60 டெனியர் இழை 86 மைக்ரோமீட்டர். எண் 15இலிருந்து 60க்குத் தாவும்போது ஒளியை மறைக்கும் அகலம் அதே வேகத்தில் தாவுவதில்லை. 10க்கும் 15க்கும் நடுவே விலையில் பெரிய இடைவெளி வைத்து விற்கப்படும்போது, விட்டத்தில் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 8 மைக்ரோமீட்டர் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இதுவரை சொன்னது ஒற்றை இழைக்குப் பொருந்தும். அதே 15 டெனியர் நூலை ஐந்து நுண்ணிழைகளைச் சேர்த்தும் செய்யலாம். அப்போது ஒவ்வொன்றும் 3 டெனியர், விட்டம் சுமார் 19 மைக்ரோமீட்டர். ஐந்தும் பக்கத்தில் பக்கத்தில் படுத்தால் மொத்த அகலம் 96 மைக்ரோமீட்டர் வரை போகும். எடை மாறவில்லை, உறையில் அச்சிட்ட எண்ணும் மாறவில்லை, தோலை மறைக்கும் அகலம் மட்டும் இரட்டிப்புக்கு மேல். ஒற்றை இழை கண்ணாடித் தன்மையும் மினுக்கமும் கொடுக்கும், தொட்டால் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். பல இழை நூல் ஒளியைப் பல திசைகளில் சிதறடிப்பதால் மங்கலான, மென்மையான தோற்றம் தரும், தோலுக்கும் இதமானது. ஆனால் அதன் ஒவ்வொரு நுண்ணிழையும் வலுவில் குறைந்தது. ஆடைக்கான நைலான் ஒரு டெனியருக்கு சுமார் 5 கிராம் இழுவிசை தாங்கும் என்று வைத்துக்கொண்டால், முழு நூல் 75 கிராம் வரை தாங்கும். தனி நுண்ணிழை 15 கிராமிலேயே அறுந்துவிடும். நாற்காலியின் மரச்சிராய் பிடித்து இழுப்பது பெரும்பாலும் அந்தத் தனி இழையைத்தான். எது உயர்ந்தது என்று பொதுவாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது, எதை வாங்குகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். நூல் ஆலையின் ரசீதில் டெனியரோடு இழை எண்ணிக்கையும் இருக்கும். கடை உறைக்கு வரும்போது அது காணாமல் போகிறது.

நைலான் இழை பிறந்த கதை பலருக்கும் ஓரளவு தெரிந்தது. ஹார்வர்டில் வேதியியல் கற்பித்துக்கொண்டிருந்த வாலஸ் கரோதர்ஸ் 1928இல் டெலாவேர் மாநிலம் வில்மிங்டனில் இருந்த டுபான்ட் வேதிப்பொருள் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். 1930இல் அவரது குழுவைச் சேர்ந்த ஜூலியன் ஹில், உருகிய பாலியெஸ்டர் பிசினை ஒரு கோலால் தொட்டு இழுத்தபோது அது நூலாக நீண்டது. குளிர்ந்த பிறகும் அதை இழுக்க முடிந்தது, இழுக்க இழுக்க வலுப்பெற்றது. தாறுமாறாகக் கிடந்த நீண்ட மூலக்கூறுகள் இழுபடும் திசையில் வரிசையாகப் படிந்து ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்வதுதான் காரணம். இன்றைய காலுறை நூலும் இப்படிப் பல மடங்கு இழுக்கப்பட்ட பிறகே பின்னலுக்குப் போகிறது. அந்த முதல் பாலியெஸ்டர் வெந்நீரைத் தாங்கவில்லை, குறைந்த சூட்டிலேயே இளகியது. 1935 பிப்ரவரி 28 அன்று, ஆறு கார்பன் கொண்ட இரண்டு வேதிப்பொருள்களை இணைத்து நைலான் 6,6 செய்யப்பட்டது. அவற்றை இணைக்கும் அமைடு பிணைப்பு பட்டின் புரதத்தில் உள்ள அதே பிணைப்பு. உருகுநிலை சுமார் 265 பாகை செல்சியஸ். கரோதர்ஸ் மனச்சோர்வோடு நெடுங்காலம் போராடி 1937 ஏப்ரலில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். தன் இழையில் பின்னிய காலுறை கடைக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை.

1939 அக்டோபர் 24 அன்று வில்மிங்டன் கடைகளில் 4,000 ஜோடிகள் விற்பனைக்கு வந்து சில மணி நேரத்தில் தீர்ந்தன. 1940 மே 15 அன்று அமெரிக்கா முழுவதும் விற்பனை தொடங்கியது. டிபார்ட்மென்ட் ஸ்டோர் வாசல்களில் காலையிலிருந்தே வரிசை. அந்த முதல் ஆண்டில் 6 கோடியே 40 லட்சம் ஜோடிகள் விற்றன. 1942இல், இரண்டாம் உலகப் போர் காரணமாக, நைலான் முழுவதும் பாராசூட்டுக்கும் கயிற்றுக்கும் டயருக்கும் போய்விட்டது. போர் முடிந்து மீண்டும் வந்தபோது, பிட்ஸ்பர்கில் 13,000 ஜோடிகளுக்காக 40,000 பேர் வரிசையில் நின்றார்கள்.

பெண்கள் அவ்வளவு தூரம் விரும்பியதற்குப் பளபளப்பும் உறுதியும் மட்டும் காரணமில்லை. பட்டுக் காலுறை முழங்காலிலும் கணுக்காலிலும் தொய்ந்து சுருங்கும், அடிக்கடி இழுத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும். நைலானுக்கு வெப்பத்தில் வடிவம் பதியும். பின்னி முடித்த காலுறையைக் கால் வடிவ உலோகத் தட்டில் மாட்டி அழுத்த நீராவியில் வைத்தால், மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள பிடிப்புகள் சற்றே விலகி, குளிரும்போது அந்த வடிவத்திலேயே மறுபடி பற்றிக்கொள்ளும். துவைத்தாலும் வடிவம் போகாது. இந்தப் படிக்கு ஆலைகளில் போர்டிங் என்று பெயர். உறைக்குள்ளிருந்து எடுத்ததும் ஒரு காலுறை கால் போலவே தட்டையாகப் படிந்திருந்தால் இந்தப் படி நடந்திருக்கிறது. சுருண்ட குழாயாக இருந்தால் செலவைக் குறைக்க அது தவிர்க்கப்பட்டிருக்கலாம்.

1940களின் இறுதியிலும் 50களிலும் அமெரிக்கப் பெட்டிகளில் 51/15, 60/15 என்று இரண்டு எண்கள் அச்சிடப்பட்டிருந்தன. இரண்டாவது எண் டெனியர். முதலாவது கேஜ்: பின்னல் எந்திரத்தில் ஒன்றரை அங்குல அகலத்தில் எத்தனை ஊசிகள் என்பது. 60 கேஜ் என்றால் ஒரு அங்குலத்தில் 40 கண்ணிகள். கேஜ் கூடக் கூடக் கண்ணிகள் சிறிதாகும், நெருக்கமாகும். ஒரே மெல்லிய நூலில் கூடுதல் உறுதி கிடைக்கும். சாதாரண வாடிக்கையாளரும் இந்த இரண்டு எண்களைச் சேர்த்துப் படிக்கக் கற்றிருந்தார். அந்தக் காலுறைகள் தட்டையான துணியாகப் பின்னப்பட்டவை. கணுக்கால் பக்கம் வரவர ஊசிகளைக் குறைத்துத் துணியையே கால் வடிவில் ஒடுக்கிப் பின்னி, பின்புறம் தைத்தார்கள். பழைய படங்களில் கெண்டைக்கால் நடுவே தெரியும் கோடு அந்தத் தையல்தான்.

பிறகு வந்தது குழாய்ப் பின்னல். சுமார் நான்கு அங்குல விட்டமுள்ள உருளையில் 400 ஊசிகள். தொடைக்கும் அதே 400, கணுக்காலுக்கும் அதே 400. எண்ணிக்கையைக் குறைக்க முடியாததால், கணுக்கால் வரும்போது கண்ணியின் அளவு சிறிதாக்கப்படுகிறது. மீதியை வெப்பப் பதிவும் நூலின் நீட்சியும் பார்த்துக்கொள்கின்றன. மலிவான காலுறை தொடையில் வெளிறியும் கணுக்காலில் கறுத்தும் தெரிவது இதனால்தான்: தொடையில் கண்ணிகள் அகல விரிகின்றன, கணுக்காலில் நெருங்கிக் கிடக்கின்றன. கண்ணி அளவைப் படிப்படியாக மாற்றி இந்த வேறுபாட்டைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்வதுதான் நல்ல ஆலையின் வேலை. ஒரு காலுறையின் தரத்தைச் சொல்லும் அடையாளங்களில் இதையே நான் முதலில் வைப்பேன்.

1958இல் டுபான்டின் ஜோசப் ஷைவர்ஸ் ஸ்பான்டெக்ஸ் இழையை உருவாக்கினார். நாம் லைக்ரா என்று அறிவது இதைத்தான். தன் நீளத்தைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் நீண்டு திரும்பும் இழை இது. அடுத்த ஆண்டு வட கரோலினாவின் க்ளென் ரேவன் ஆலை, இடுப்பு வரை ஒன்றாக இணைந்த பேன்ட்டிஹோஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. குட்டைப் பாவாடை வந்தபோது அதுவே எங்கும் பரவியது. 1970 வாக்கில் ஹேன்ஸ் நிறுவனம் லெக்ஸ் என்ற பெயரில் பிளாஸ்டிக் முட்டைக்குள் அடைத்த பேன்ட்டிஹோஸை சூப்பர் மார்க்கெட்டுகளிலும் மருந்துக் கடைகளிலும் வைத்தது. விலை குறைந்தது, எல்லாருக்கும் எட்டியது. அது நல்ல மாற்றம்தான். ஆனால் முட்டைக்குள் யாரும் கையை நுழைத்துப் பார்க்க முடியாது. கவுண்டரும் அதன் பின்னால் நின்ற அனுபவமும் மெல்ல மறைந்தன. கேஜ் எண்ணும் தட்டைப் பின்னலோடு போய்விட்டது. மிஞ்சியது டெனியர் ஒன்றுதான்.

அந்த ஒன்றும் லைக்ரா வந்த பிறகு தெளிவிழந்தது. நல்ல காலுறையில் லைக்ரா வெறும் இழையாகப் போவதில்லை. அதைச் சுற்றி நைலான் இழை சுருளாகச் சுற்றப்படுகிறது. இப்போது 15 டெனியர் என்பது எதன் எடை? உள்ளே இருக்கும் லைக்ராவா, மேலே சுற்றிய நைலானா, இரண்டும் சேர்ந்ததா? பல நிறுவனங்கள் தோற்றத்துக்கு இணையான ஓர் எண்ணைப் போடுகின்றன. ஒரு நிறுவனத்தின் 15ஐ இன்னொன்றின் 15உடன் நேராக ஒப்பிட முடியாது என்பதை வாங்குபவரிடம் யாரும் சொல்வதில்லை.

சுற்றிய நூலை எத்தனை வரிசைகளில் பயன்படுத்துகிறார்கள் என்பது இன்னும் முக்கியமானது. செலவைக் குறைக்க ஒரு வரிசை சுற்றிய நூல், அடுத்த வரிசை வெறும் நைலான் என்று மாற்றி மாற்றிப் பின்னலாம். எல்லா வரிசையிலும் சுற்றிய நூலே ஓடினால் துணி எல்லாப் பக்கமும் ஒரே சீராக நீண்டு திரும்பும். முழங்கால் மடிந்த இடத்தில் பை போடாது. கண்ணிகள் ஒரே அளவில் நிற்கும். ஜப்பானில் இந்த இரண்டு வகைகளுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு: முழுவதும் சுற்றிய நூல் என்றால் ஜொக்கி, மாற்றிப் பின்னியது என்றால் கோஹென். அங்கே உறையிலேயே அது அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். மற்ற நாடுகளில் இதை நாமே கண்டுபிடிக்க வேண்டும்.

காலுறை ‘ஓடுவது’ ஏன் என்று பலரும் கேட்பார்கள். நெய்த துணியில் ஒரு நூல் அறுந்தால் அந்த இடத்தில் ஓட்டை விழும், அவ்வளவுதான். பின்னலில் ஒவ்வொரு கண்ணியும் தனக்கு முந்தைய வரிசைக் கண்ணியின் வழியே இழுக்கப்பட்டு அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒன்று அறுந்தால் அது பிடித்திருந்த கண்ணி விடுபடும். அது நழுவினால் அதற்கு முந்தையது. பின்னத் தொடங்கிய பக்கம் நோக்கி அவிழ்ந்துகொண்டே போகும். காலுறை பொதுவாக மேல் விளிம்பில் தொடங்கிக் கால்விரலில் முடிவதால், விரல் நுனியில் விழும் சிறு அறுபடல் மேல்நோக்கி ஏறுகிறது. இடையிடையே கண்ணிகளை இரட்டையாகப் பூட்டும் வகைப் பின்னல் இந்த ஓட்டத்தைத் தடுக்கும். அதற்கு ஈடாகத் துணியின் தெளிவு கொஞ்சம் குறையும். அளவு சிறிதாக இருந்தால் எல்லாக் கண்ணிகளும் ஏற்கெனவே முறுக்கி இழுபட்டிருக்கும், அறுபட்ட மறுகணமே ஓடும். உயரமும் எடையும் அட்டவணையில் இரண்டு அளவுகளுக்கு நடுவே விழுந்தால் பெரியதை எடுக்கச் சொல்வதற்கு இதுதான் காரணம். புதுக் காலுறையை உறைகுளிரில் ஒரு நாள் வைத்தால் நீடித்து உழைக்கும் என்ற நம்பிக்கைக்கு இழையின் அமைப்பில் ஆதாரமில்லை. குளிர்ந்திருக்கும்போது நைலான் விறைக்கும், அறைச் சூட்டுக்கு வந்ததும் பழையபடி ஆகிவிடும்.

மெல்லிய காலுறை காலை ஒல்லியாகக் காட்டுவது வெறும் விளம்பரப் பேச்சில்லை. காலின் நடுப்பகுதியை நாம் நேராகப் பார்க்கிறோம். இரு ஓரங்களையும் சாய்வாகப் பார்க்கிறோம். சன்னல் கம்பிகளை எதிரே நின்று பார்த்தால் இடைவெளி தெரியும், பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் கம்பிகள் நெருங்கி அடைத்துக்கொள்ளும். காலுறையிலும் அதேதான். நூல் உருண்டையானது என்பதால் எந்தக் கோணத்திலும் அதன் அகலம் மாறாது, இடைவெளி மட்டும் சுருங்கும். நேர்ப்பார்வையில் நூல் தோலின் கால் பங்கை மறைக்கிறது என்று கொண்டால், 60 பாகை சாய்வில் அது பாதியை மறைக்கும். ஓரங்கள் கறுத்து நடுப்பகுதி வெளிச்சமாகத் தெரிய, உருண்டை வடிவம் அழுத்தமாகிறது. தடித்த, ஒளி புகாத காலுறையில் நடுவும் ஓரமும் ஒன்றுபோலவே கறுப்பு. இந்த விளைவு அங்கே கிடைக்காது.

நிறத்தைப் பற்றிச் சொல்ல எனக்குக் கோபமும் இருக்கிறது. மெல்லிய காலுறையில் நாம் காணும் நிறம் நூலின் நிறமும் தோலின் நிறமும் கலந்தது. பளபளப்பைக் குறைக்க நைலானில் டைட்டேனியம் டைஆக்சைடு என்ற வெண்பொடி சேர்க்கிறார்கள். அது ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். வெளிர் நிற நூலும் வெண்பொடியும் மாநிறத் தோலின் மேல் சேரும்போது சாம்பல் பூத்தது போன்ற தோற்றம் வருகிறது. இது அணிபவரின் குறையில்லை, ஒளியியல். ஆனாலும் பல பத்தாண்டுகளாகக் கடைகள் ‘தோல் நிறம்’ என்று விற்றது வெள்ளையர் தோலின் நிறத்தை மட்டும். லண்டனிலும் டொரன்டோவிலும் சீருடையோடு காலுறை அணிந்தாக வேண்டிய வேலைகளுக்குப் போன நம் பெண்களும் அதைத்தான் வாங்க வேண்டியிருந்தது. 2014இல் லண்டனில் அடே ஹசன் தொடங்கிய நூபியன் ஸ்கின் நிறுவனம், கறுப்பு, பழுப்புத் தோல்களுக்கான சாயல்களில் காலுறையும் உள்ளாடையும் கொண்டுவந்தது. அதன் பிறகு மற்றவர்களும் சாயல்களைக் கூட்டினார்கள். மாநிறத் தோலுக்கு வாங்கும்போது, சொந்த நிறத்தைவிட ஒரு படி ஆழமான சாயலையும் வெண்பொடி குறைந்த, சற்று மினுங்கும் நூலையும் எடுத்தால் சாம்பல் பூக்காது. சாயலைப் புறங்கையில் பார்க்க வேண்டாம், அங்கே தோல் வெயிலில் கறுத்திருக்கும். முழங்கையின் உட்புறத்தில் விரித்து, கடை விளக்கை விட்டு வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள்.

பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்களில் சில இன்னும் திறந்த மாதிரித் துண்டுகளை வைத்திருக்கின்றன. அங்கே வாங்குவதில் கிடைக்கும் பெரிய நன்மை அதுதான். மாதிரியைக் கறுப்புத் துணியின் மேல் இரு கையாலும் விரித்துப் பிடித்து, செல்போன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். கண்ணிகள் ஒரே அளவில் சீராக நின்றால் எல்லா வரிசையிலும் சுற்றிய நூல் ஓடுகிறது. ஒரு வரிசை இறுகியும் ஒரு வரிசை தளர்ந்தும் குறுக்குக் கோடுகளாகத் தெரிந்தால் மாற்றிப் பின்னியது. இழுத்து விட்டபின் துணி உடனே பழைய அளவுக்கு வர வேண்டும், மெதுவாக ஊர்ந்து வரக் கூடாது. உறையின் பின்புறத்தில் எலாஸ்டேன், அதாவது லைக்ரா வகை இழையின், சதவீதம் இருக்கும். மெல்லிய வகையில் அது 10க்கும் மேல் இருந்தால் நான் நம்பிக்கையோடு எடுப்பேன், 3 அல்லது 4 என்றால் இடுப்புப் பட்டையில் மட்டும்தான் நெகிழ்வு இருக்கிறதோ என்று சந்தேகப்படுவேன். விரல் நுனித் தையல் தட்டையாக இருக்கிறதா, இரு கால்களும் சேரும் இடத்தில் தனித் துண்டு வைத்துத் தைத்திருக்கிறார்களா என்பதையும் பார்த்துவிடுங்கள். கால் வீக்கத்துக்காக வாங்குவதென்றால் இவை எதுவும் போதாது; அழுத்தம் மில்லிமீட்டர் பாதரச அளவில் அச்சிடப்பட்ட மருத்துவக் காலுறையை மருத்துவர் சொல்லி வாங்க வேண்டும்.

துவைப்பதற்கு வெதுவெதுப்பான நீரும் மென்சோப்பும் போதும். குளோரின் ப்ளீச் நைலானையும் லைக்ராவையும் அரிக்கும். நீர் ஏறிய நைலான் இளகியிருக்கும் என்பதால் ஈரத்தோடு தொங்கவிடாமல் தட்டையாக விரித்து, வெயில் படாமல் உலர்த்துங்கள்.

காலுறை செய்யும் நிறுவனங்களிடம் கேட்பதற்கு ஒரே ஒரு கோரிக்கை உண்டு. இழை எத்தனை, சுற்றிய நூல் எல்லா வரிசையிலுமா மாற்று வரிசையிலா என்ற இரண்டு தகவல்களும் ஆலையில் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டவை. 1950இல் பெட்டியின் மேல் இரண்டு எண்கள் இருந்தன, வாங்கியவர்கள் அவற்றைப் படித்தார்கள். டெனியருக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு வரி அச்சிடுங்கள்.

வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்த வரி வரும்வரை, மாதிரி வைக்காத கடையில் விலை உயர்ந்த மெல்லிய காலுறையை வாங்காதீர்கள்.